ரோசலிக்குக் கீழே ஒரு கோடு

ஷார்ஜாவில் பள்ளிப் பேருந்து ஆயாவாக வேலை பார்த்த அருணாவுக்குக் கண் சாம்பல் நிறம். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் அதை ஒத்துக்கொண்டதில்லை. அருணாவின் அம்மா மேரி கூடையோடு கொழுந்தெடுக்கப் போனால், "ஜெர்மன் மகாராணி வர்றாங்க, வழி விடுங்கடி" என்று சிரிப்பார்கள். மேரி வீட்டுக்கு வந்து மகளிடம் மட்டும், "எங்கம்மா ரோசலி துரை மகள்தான்டி. யார் சிரிச்சா என்ன?" என்பாள்.

துரை என்பது ஹெல்லர். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, மலையில் மரம் அறுக்கும் ஆலை நடத்தியவர். அந்த ஆலையிலேயே வலது காலைப் பறிகொடுத்து, முழங்காலுக்குக் கீழே மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தவர். தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கோயிலில் வைத்துக் கைப்பிடித்தார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர்களை வெள்ளைக்கார அரசாங்கம் பிடித்துக்கொண்டு போனது. ஹெல்லரும் போனார், திரும்பவில்லை. ஆறு வயது மகனைக் கோயம்புத்தூர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கைக்குழந்தை ரோசலியோடு தாய் வேறு தோட்டத்துக்குப் பிழைக்கப் போனாள்.

அந்த மகனின் வம்சம் தழைத்தது. துரையின் பேரன் ஜெயசீலன் ஹெல்லர் தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் மேனேஜர். அவர் மகள் சங்கீதா ஷார்ஜாவில் இருந்தாள். அவள் பையன் வருவது அருணாவின் பேருந்தில்தான். பையனின் பைமேல் அம்மா பெயர் சங்கீதா ஹெல்லர் என்று எழுதியிருந்ததைப் பார்த்த அன்றே அருணா விசாரிக்கத் தொடங்கினாள்.

மகளைப் பார்க்க ஜெயசீலன் வந்திருந்த சமயம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அருணா சங்கீதாவின் வீட்டுக்கே போய்விட்டாள். ஹாலில் சுவரை அடைத்து ஒரு வம்ச மரம். ஜெர்மனியில் ஹெல்லரின் அண்ணன் தம்பி வழியில் வந்தவர்களையெல்லாம் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து, ஜெயசீலனே வரைந்து ஒட்டியிருந்தார். ஹெல்லருக்குக் கீழே இரண்டு பெயர். ஒன்றிலிருந்து கிளைகள் பரவியிருந்தன. இன்னொன்று ரோசலி. அதன் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி, அதோடு சரி.

"சார், ரோசலி எங்கம்மாவோட அம்மாங்க."

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாவும் பாப்பாவும் விஷக்காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல எங்கப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. சாகிற வரைக்கும் அதைச் சொல்லி அழுதார். செத்த குழந்தைக்கு எப்படிம்மா பேத்தி பிறக்கும்?"

"அவங்க சாகலைங்க."

"மலையில பூனைக்கண்ணுக்கா பஞ்சம்? எல்லாரையும் எழுதினா எனக்குச் சுவர் பத்தாது."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அன்றைக்கு ரோலா பகுதியில் இருந்த தன் ரூமுக்குத் திரும்பிய அருணா சாப்பிடவில்லை. ரூமில் கூட இருந்த கீழக்கரை ஜுலைஹா பீவி, "அவன் எழுதாட்டி நீ இல்லைன்னு ஆயிடுமா? எந்திரிச்சுச் சோத்தைத் தின்னுடி" என்று அதட்டினாள். ஆனால் அருணாவுக்குச் சுவரில் இருந்த சிலுவைதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. அம்மா உயிரோடு இருக்கும்போதே அதை அழித்துக் காட்டவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் ஆறாம் தேதி வந்தது. 2002இல் அது நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. ஜுலைஹாவும் அருணாவும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். சங்கீதாவின் பையன் பேருந்தில் விட்டுப்போன ஸ்வெட்டரைப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று அருணா எடுத்துக்கொண்டாள்.

சங்கீதா வீட்டு வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

கதவோரம் ஒரே ஒரு ஆண் ஷூ. இடது கால் ஷூ. அது நிறைய வேர்க்கடலை, மேலே வெல்ல மிட்டாய்.

"அடியே, இங்கேயும் இந்தக் கிறுக்கு இருக்கா!" என்று ஜுலைஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்தது ஜெயசீலன். பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்தார். அருணா ஸ்வெட்டரை நீட்டவில்லை. "சார், வலது ஷூ எங்கேங்க?" என்று கேட்டாள்.

"வலது வைக்கிறதில்லை. ஜெர்மனியில இன்னைக்குப் பிள்ளைகளுக்கு ஷூவில தின்பண்டம் வைக்கிறது வழக்கமாம். எங்கப்பாவும் வருஷா வருஷம் வைப்பார். இடதுதான் வைக்கணும்பார். ஏன்னு கேட்டா, அவரோட அப்பா அப்படித்தான் வெச்சாராம்."

"எங்க வீட்லயும் இடதுதாங்க."

"பார்த்துட்டுச் சொல்றே."

ஜுலைஹாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணே, அவ பொய்யா சொல்றா? அஞ்சு வருஷமா இவகூட ரூம்ல கெடக்கேன். இதே தேதிக்கு இடது ஷூவுல கடலையைக் கொட்டி வைப்பா, கரப்பான் மேயும். புள்ளையா குட்டியா, நான்தான் திங்கணும்!"

ஜெயசீலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை அகலத் திறந்து வாசலுக்கே வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"சரி. கடலைக்கு அடியில என்ன இருக்கும், சொல்லு."

அருணா யோசிக்கக்கூட இல்லை. "உருளைக்கிழங்குங்க."

அவர் பார்வை கீழே ஷூவுக்குப் போனது.

"ஷூ முனையில ஒரு பெரிய கிழங்கைத் திணிச்சிரணும். அப்பத்தான் கொஞ்சம் கடலை போட்டாலும் நிறைஞ்ச மாதிரி இருக்கும். துரை மகா கஞ்சன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க."

"மறுநாள் அந்தக் கிழங்கு எங்க கறியிலதான் கெடக்கும்" என்றாள் ஜுலைஹா.

ஜெயசீலன் குனிந்து ஷூவை எடுத்துக் கவிழ்த்தார். கடலை தரையெல்லாம் சிதறியது. பின்னாலேயே தொப்பென்று விழுந்த உருளைக்கிழங்கு படிக்கட்டில் குதித்துக் குதித்து கீழ்மாடிவரை உருண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த சங்கீதாவின் பையன் அதைத் துரத்திக்கொண்டு போனான்.

ஜெயசீலன் கையில் காலி ஷூவோடு நின்றார். "தாத்தா தன்னோட ஷூவைத்தான் வெச்சிருக்கார்" என்றார் மெதுவாக. "அவருக்கு வலது கால் ஏது? வலது ஷூவே கிடையாதே. அம்பத்தாறு வயசாச்சு, எனக்கு இது தோணவே இல்லை பாரு. அவர் போனப்புறம் மிஞ்சின ஷூவை உங்க பாட்டிக்கு அவங்க அம்மா வெச்சிருப்பாங்க. வேற யாருக்கும்மா இது தெரியும்?"

அருணா தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாப்பா பிழைச்சிருக்கு" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சங்கீதா! அந்த ரப்பரை எடு, பென்சிலை எடு!" என்று வீடு அதிரக் கத்தினார்.

சிலுவை பேனாவில் போட்டது, ரப்பருக்கு அசையவில்லை. பிளேடால் சுரண்டினார். காகிதமே கொஞ்சம் கிழிந்தது. ரோசலிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, மேரி என்று எழுதினார். "மேரிக்கு எத்தனை பேர்மா?" அருணா அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று சொல்லச் சொல்ல, சார்ட்டின் இடது ஓரம் முடிந்துபோனது. வேறு காகிதம் இல்லாமல் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் தெரிய ஒட்டினாள் சங்கீதா.

"எழுதினா சுவர் பத்தாதுன்னீங்களாமே?" என்றாள் ஜுலைஹா.

"பத்தலைன்னா இடிச்சுக் கட்டிக்கிறேன்" என்றார் அவர்.

"சார், இதுல என் தம்பி பேரை..." என்று அருணா விரலை நீட்டினாள்.

"என்ன சார்? உங்கம்மாவுக்கு நான் மாமன் மகன். உனக்குச் சித்தப்பா. வாய் நிறையக் கூப்பிடு."

"சித்தப்பா" என்றாள். கூச்சமாக இருந்தது. இன்னொரு தரம் சொன்னாள்.

சங்கீதா போனைக் கொண்டுவந்தாள். குன்னூரில் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து, மேரியைக் கூப்பிட்டுவரச் சொல்லிக் காத்திருந்தார்கள். செருப்புச் சத்தமும் இருமலும் கேட்டன. "யாரு, அருணாவா? இந்நேரத்துல என்னடி?"

"ஒண்ணுமில்லைம்மா. உன் மாமன் மகன் பேசணுமாம். இரு, கொடுக்கிறேன்" என்று அருணா போனை நீட்டினாள்.