ரிட்டர்ன் வண்டியில் வீடு மாறியவர்கள்

லாரி ஓட்டுகிறவனுக்கு இரண்டு வகை மனிதர்களைத்தான் தெரியும்: சரக்கு அனுப்புகிறவர்கள், வீடு மாற்றுகிறவர்கள். முதல் வகையினர் வாடகையைப் பேசிவிட்டு வண்டியை மறந்துவிடுவார்கள். இரண்டாம் வகையினர் வண்டியை மறப்பதே இல்லை. வாடகையை மட்டும் மறக்கப் பார்ப்பார்கள்.

வாடகை வீட்டில் காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் கயிறு வாங்கக் காசில்லாமல் பழைய வேட்டியைக் கிழித்துப் பீரோவைக் கட்டியவர்களாகத்தான் இருப்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அரியலூரில் ஒரு முதலாளியிடம் வண்டி ஓட்டினேன். பொழுது சாய்ந்ததும் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பெரம்பலூர் தாண்டி ஆத்தூர், சேலம் என்று இறக்கிவிட்டு, காலையில் காலியாகத் திரும்புவேன். காலியாக வருவதுதான் ரிட்டர்ன் வண்டி. எப்படியும் ஊருக்கு வந்தாக வேண்டிய வண்டி என்பதால் பாதி வாடகைக்குக் கிடைக்கும். பெரம்பலூர் டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும், வழியில் ஒரு குடும்பம் சாமான்களோடு கை காட்டும்.

எனக்கும் ஒரு வீடு மாற வேண்டியிருந்தது. மனைவி செல்லம்மாவும் மகளும் பெரம்பலூரில் இருந்தார்கள். நான் பகலில் தூங்கியது அரியலூர் லாரி ஷெட்டில். எப்போதாவது போய் முகம் காட்டுவேன். மகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "எப்ப வந்தீங்க?" என்று கேட்பாள், தூரத்து உறவினரைக் கேட்பதுபோல. அதற்காகவே அரியலூரில் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டு வீடு பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆனி மாதம் முடிவதற்குள் குடிபோக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், செல்லம்மா நிச்சயமாக மாட்டாள்.

முதலாளியிடம் வண்டி கேட்டேன். தாராள மனசுக்காரர். "ஒத்தப் பைசா வேணாம்யா. எவனும் வாடகைக்குக் கேக்காத நாளாப் பாத்து உன் சாமானை ஏத்திக்க" என்றார்.

யாராவது கேட்ட நாட்களின் கதைதான் கீழே இருப்பது.

மெத்தை

முதலில் கேட்டவர் பெரம்பலூரில் ஒரு ஆபீஸ் குமாஸ்தா. அரியலூருக்கு மாற்றல். சிமெண்ட் வண்டி, பலகை இடுக்கெல்லாம் தூள் இருக்கும், தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து விரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் தார்ப்பாய் எதற்கு என்றார். அதோடு நிறுத்தவில்லை. பீரோ அடிபடக் கூடாது என்று இலவம்பஞ்சு மெத்தையை அடியில் போட்டு, அதன்மேல் பீரோவை நிறுத்தினார். சணல் கோணி வாங்கும் செலவும் மிச்சம்.

பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நின்று பெய்யவில்லை; சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவுதான் பெய்தது. அப்புறம் அடித்த வெயில் மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டது. அரியலூரில் இறக்கும்போது மெத்தையின் ஒரு பக்கம் பலகையை விட்டு வரவில்லை. என் கிளீனர் மருதை, என்னைவிட மூத்தவர், கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார். ஒரு பாதி பஞ்சு, ஒரு பாதி பாறை. குமாஸ்தா வாடகையில் எவ்வளவு மிச்சமானது என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கம் நீங்க படுத்துக்கங்க. தளம் போட்ட வூட்டுல படுக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தீங்களே."

அம்மி

அடுத்த வாரம் ஆத்தூரிலிருந்து திரும்பும்போது வண்டியைப் பெரம்பலூரில் நிறுத்திச் சாமான் ஏற்றலாம் என்று செல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பாத்திரங்களைக் கோணியில் கட்டி வாசலில் வைத்திருந்தாளாம். அதற்குள் அரும்பாவூரில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவருக்கு வண்டி பேசிவிட்டதாக முதலாளியிடமிருந்து தகவல்.

சாமான் ஏற்றுகிறவர்கள் கல் சாமானுக்குத் தனிக்கூலி கேட்பார்கள். ஆட்டுக்கல்லுக்கு ஒன்று, அம்மிக்கு ஒன்று. கணக்குப்பிள்ளை ஆட்டுக்கல்லுக்கு ஒத்துக்கொண்டார். அம்மியை மட்டும் மனைவிக்குத் தெரியாமல் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டுபோய், மேலே வாழைச்சருகு போட்டு மூடிவிட்டார். போகிற ஊரில் மிக்சி வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று என் காதில் சொன்னார். ஏற்றுகிறவர்களும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டியைக் கிளப்பினேன். அந்த அம்மாள் கடைசியாகக் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. போய்ப் பார்த்தால் சருகைத் தள்ளிவிட்டு அம்மியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை மிக்சியைப் பற்றி நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "இதை மிதிச்சுத்தான் உங்க கையைப் புடிச்சேன். இது வேணாம்னா மிதிச்சவளையும் இங்கயே வுட்டுட்டுப் போங்க. ரெண்டு கனமும் ஒண்ணாக் குறையும்."

அம்மியைக் கணக்குப்பிள்ளையே தூக்கி வந்தார். வண்டியில் அதற்கப்புறம் ஒரு கோணிப்பைக்குக்கூட இடமில்லை. பெரம்பலூரைத் தாண்டும்போது எங்கள் தெரு முனையில் நான் ஹாரன் அடிக்கவில்லை.

சோடா

ஆனியில் ஒருநாள் முதலாளி என்னைப் பெரம்பலூர்ப் பக்கமே விடவில்லை. கும்பகோணத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு சோடா கம்பெனியை ஏற்றிவரச் சொன்னார். கம்பெனி என்றால் ஒரு சுற்று மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பெட்டி பெட்டியாகக் கோலி சோடா பாட்டில்கள், ஒரு பாய். பாய் நல்ல மனிதர், மருதையை உட்காரவைத்துப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்தே தாகம் தீர்ந்து போய்விடுகிறார்கள், அரியலூரில் ஸ்டேஷன் இருக்கிறது, ஆலை இருக்கிறது, வியாபாரம் நடக்கும் என்று அவர் எண்ணம்.

பெட்டியைத் தூக்கிய மருதை திரும்பி என்னைப் பார்த்தார். பாட்டில்கள் எல்லாம் நிறைந்திருந்தன. காலி செய்து ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். காலி பாட்டிலுக்கும் நிறைந்த பாட்டிலுக்கும் வாடகை ஒன்றுதானே, இன்ஷா அல்லா போய் இறங்கினதும் கடையைத் திறந்துவிடலாம், ஒருநாள் வியாபாரம் ஏன் கெட வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. வெயிலையும் ரோட்டையும் மட்டும் அவர் சேர்க்கவில்லை.

டீசல் மிச்சமாகுமே என்று விக்கிரமங்கலம் வழியாக விட்டேன். ரோடு என்று பேர்தான். ஊர் எல்லையில் முதல் பாட்டில் வெடித்தது. அது வெடித்த அதிர்ச்சியில் பக்கத்துப் பாட்டில், அப்புறம் ஒரு பெட்டி முழுதும். மருதை கேபினுக்குள் வந்து குனிந்து உட்கார்ந்துகொண்டார். பாய் கண்ணை மூடி ஏதோ ஓதினார். வண்டி முன்னால் போக, பின்னால் படபடவென்று வெடிச்சத்தம், ஓரமெல்லாம் நுரை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மாப்பிள்ளை வூட்டுக்காரங்களா? பொண்ணு வூடு எந்தத் தெருங்க?"

உப்புச் சாடி

ஆனியின் கடைசி நல்ல நாள் காலையில் நான் பெரம்பலூர் வழியாக வந்தேன். வண்டி நிறைய ஒரு ஓட்டல்காரரின் பெஞ்சும் அண்டாவும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் மஞ்சள் துணி சுற்றிய உப்புச் சாடி. ஏறி உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாடியை நீட்டினாள்.

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சாமான் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் முன்னால் அனுப்பிவிட்டால் போதும். குடும்பமே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மீதியை எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பேர். ராகு காலம் வருவதற்குள் சாடியைப் புது வீட்டில் வைத்துவிட வேண்டும், அப்படி வைத்துவிட்டால் ஆடியிலும் சாமான் ஏற்றலாம், ஆடியில் எவனும் உங்க முதலாளியிடம் வண்டி கேக்க மாட்டான் என்றாள். பல வாரமாக முதலாளியும் நானும் கண்டுபிடிக்காத வழி.

அரியலூர் வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் சாவியோடு சிதம்பரம் போயிருந்தார். ராகு காலம் வந்துகொண்டிருந்தது. திண்டாடிப்போய் யோசித்தேன். சாடி பெரம்பலூரைவிட்டுக் கிளம்பியாகிவிட்டது. லாரியும் அரியலூர் லாரிதான். வீட்டுக்காரர் வரும்வரை அது சீட்டுக்குப் பின்னால் இருந்தால் என்ன? வைத்தேன். அன்றைக்கே திண்டுக்கல்லுக்கு லோடு, அங்கிருந்து மதுரைக்கு, மதுரையிலிருந்து வேறெங்கோ.

ஆடி பிறந்தபின் பெரம்பலூருக்குப் போனபோதுதான் சொன்னேன். அங்கே வீட்டுக்காரர் பெருந்தன்மையாக இருந்தார். ஆடியில் எவன் புதுசாகக் குடிவரப் போகிறான், வாடகை கொடுத்துவிட்டு இருங்கள் என்று விட்டிருந்தார். ஆக, இரண்டு ஊரிலும் வாடகை. செல்லம்மா நான் சொன்னதை முழுதும் கேட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: "அப்ப நம்ம குடும்பம் லாரிக்குத்தான் குடி போயிருக்கு. இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?"

ரசம்

அவள் சொன்னபடியே ஆடியில் வண்டியை யாரும் கேட்கவில்லை. முதலாளி வாக்கு மாறவில்லை. ஏற்று கூலியைக்கூட அவரே கொடுத்தார். மெத்தைக்குத் தார்ப்பாய் விரித்தேன், அம்மியை முதலில் ஏற்றினேன். மற்றவர்கள் செய்த தப்பையெல்லாம் காசு வாங்கிக்கொண்டு பார்த்தவன், ஒரு தப்பும் செய்யவில்லை. மகள் கேபினில் எனக்கும் மருதைக்கும் நடுவில் உட்கார்ந்து, கியர் போடும்போதெல்லாம் காலை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததாக ஞாபகமில்லை.

பால் காய்ச்ச அடுப்பு மூட்டியதும் செல்லம்மா சாடியைக் கேட்டாள். எடுத்துவந்தேன். இலேசாக இருந்தது. திறந்தால் அடியில் நாலு கல் உப்பு. ரோட்டோரப் புளியமரத்தடியில் எங்கள் சமையலெல்லாம் மருதை கைதான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வழிச்செலவுக்கு வெச்சதுன்னு நெனச்சேன் தங்கச்சி. உப்பு வாங்கற காசு மிச்சம்னு தோணுச்சு. ரசம் நல்லா இருக்குன்னு டிரைவர்தான் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாரு" என்றார்.

செல்லம்மா சாடியைக் கவிழ்த்து அந்த நாலு கல்லையும் உள்ளங்கையில் கொட்டினாள். "வூட்டுக்கு அனுப்புன உப்பை வண்டியிலயே கரைச்சுக் குடிச்சுட்டாரு. இனிமே எங்கேண்ணே வூடு தங்கப் போறாரு?"

ஆவணி

ஆடியில் அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆவணி பிறந்ததும் ஒன்றாகக் கிளம்பினார்கள். ரிட்டர்ன் வண்டிக்கு வரிசை. போகும்போது சிமெண்ட், வரும்போது யாரோ ஒருவர் வீடு. இறக்கினதும் மறுபடி சிமெண்ட். ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கும் லாரி ஷெட்டுக்கும் நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை நடக்கத்தான் நேரமில்லை. பெரம்பலூரில் இருந்தபோதாவது அவ்வழியாகப் போகிற வண்டியை நிறுத்தி இறங்கினேன். சொந்த ஊரில் எதற்கு இறங்குவது, எப்படியும் வீடு இங்கேதானே இருக்கிறது என்று தோன்றிவிடும்.

ஒரு காலையில் மருதையோடு போனேன். மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "எப்ப வந்தீங்க?" என்றாள்.

நான் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் செல்லம்மா உள்ளே போய் அந்தச் சாடியை எடுத்துவந்தாள். வாய்வரை உப்பு நிரப்பி, அதே மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தாள். நான் கேட்குமுன் மருதையின் கையில் கொடுத்துச் சொன்னாள்: "சீட்டுக்குப் பின்னாலயே வெச்சிருங்கண்ணே. குடியிருக்கற எடத்துல உப்பு இல்லாம இருக்கக் கூடாது."

லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் எனக்கு முழுசாக மிச்சம்; அந்த வீட்டுக்குக் குடிபோக வேண்டியவர்களில் நான் ஒருவன்தான் இன்னும் பாக்கி.