மருமகன் படித்த தமிழ்

எங்கள் கட்டடத்தில் குணவதி அக்காவின் வாய்க்கு எல்லோருக்கும் பயம். கட்டடம் பார்க்கிற மரியோ அவரைத் தூரத்தில் கண்டாலே படியால் இறங்கி ஓடிவிடுவான். அப்படிப்பட்ட அக்காவுக்கே கொஞ்ச நாளாக ஒரு பயம். காரணம் மருமகன் பரீதூன்.

அவன் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பக்கத்துத் தாஜிக் இனத்தவன். இங்கே பிறம்ரன் நகரில் லொறி ஓட்டுகிறான். மகள் நிசாந்தினி அவனைத்தான் கட்டுவேன் என்றபோது அக்கா வீட்டையே இரண்டாக்கினார். பிறகு அவன் புட்டைக் குழம்போடு குழைத்து அள்ளிச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டார். தமிழ் படிப்பித்ததும் அவரேதான்.

"போறன் எண்டு சொல்லப்படாது தம்பி. திரும்பி வராத ஆக்கள்தான் அப்பிடிச் சொல்லுவினம். போட்டு வாறன் எண்டு சொல்லும்."

அன்றிலிருந்து குப்பை போடப் போனாலும் அவன் "போட்டு வாறன் மாமி" என்றுதான் சொல்வான்.

இப்போது அவனுடைய போனில் எந்நேரமும் அவனுடைய ஊர் மலைகள்தான். தாஜிக், ஹசாரா, உஸ்பெக் என்று பல இனத்தாரும் சேர்ந்து தலிபானுக்கு எதிராகத் துவக்குத் தூக்கி நிற்கிறார்கள். அவனுடைய தம்பியும் அங்கேதான். நிசாந்தினிக்கு வயிற்றில் பிள்ளை. "சும்மா நியூஸ் பாக்கிறார் அம்மா, ரிலாக்ஸ்" என்கிறாள்.

அக்காவுக்கு அது சும்மாவாகத் தெரியவில்லை. அவருடைய தம்பி கீதனும் அந்த நாளில் ஊரில் சண்டைபிடிக்க இயக்கத்துக்குப் போவதற்கு முதல் இப்படித்தான் சத்தம் அடங்கிப் போயிருந்தான். சைக்கிளைத் துடைத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் பிறகு வரவேயில்லை.

போன சனிக்கிழமை பரீதூன் தனியாக வந்தான். காரைக் கழுவிக் கொண்டுவந்து கீழே விட்டிருந்தான். சாவியை மேசையில் வைத்தான்.

"கார் இஞ்ச நிக்கட்டும் மாமி. நிசாந்தினிக்குத் தேவைப்படும்."

"நீர் எங்க போறீர்?"

"துஷான்பேக்கு. ஆப்கான் எல்லைக்கு அங்கால. மாமாவுக்குச் சுகமில்லை."

கழுவிய காரும் அக்காவுக்குத் துடைத்த சைக்கிள் மாதிரியே தெரிந்தது.

"பிள்ளை பிறக்கட்டும் தம்பி. அதுக்குப் பிறகு மாமாவைப் பாக்கலாம்."

அவன் குனிந்து சப்பாத்தைக் கட்டினான். எழும்பிக் கதவைத் திறந்தான்.

"போறன் மாமி."

கத்த வேண்டும், கையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று இருந்ததாம். ஆனால் பழைய வாத்தியார் வேலைதான் வாயில் வந்தது.

"போறன் இல்லைத் தம்பி. போட்டு வாறன்."

பரீதூன் திரும்பி அவரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றான்.