பாட்டை எடுத்துக் கொடுக்கும் பெட்டி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு அவர் ஒரு தட்டு தட்டுவார். ஓங்கி, ஒரே ஒரு கைதட்டல். பிறகு தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் சுவர்களில் மோதி எப்படி அடங்குகிறது என்று கேட்பார். ஒருமுறை துக்க வீட்டிலும் இப்படித் தட்டிவிட்டார். அழுகை நின்று அத்தனை முகங்களும் திரும்பியபோது, "நல்ல ஹாலுங்க, எதிரொலியே இல்ல" என்று ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து எங்கே போனாலும் வாசலிலேயே அவர் மனைவி அவருடைய ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறார். இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று பார்க்கிறவர்கள் வியக்கிறார்கள்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா, இல்ல இப்ப தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்பதுதான் வேலை. கேட்டுக் கேட்டு அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காப்பியில் சர்க்கரை போட்டு மனைவியிடம் நீட்டும்போதும் அதையேதான் கேட்கிறார். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் கம்பத்தை நோக்கிப் போனாலும் அந்த அம்மாளுக்குக் குரல் உயராது.

வீட்டு ஹாலில் மகள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. விருந்தாளிகள் அவற்றுக்கு நடுவில் ஒண்டி உட்கார வேண்டும். சிடிகளையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றி, அதிலிருந்துதான் பாட்டுக் கேட்டுவந்தார். ஆனால் லேப்டாப்புக்குள் சுற்றும் காற்றாடி பாட்டுக்குள்ளும் சுற்றியது. சோகப் பாட்டு உருகும் நேரம் பார்த்து மகளுடைய கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்து 'டிங்' என்றது. பாட்டுக்கென்றே தனியாக ஒரு மியூசிக் சர்வர் இல்லாமல் இனி ஆகாது என்று அவர் அறிவித்தார்.

பாடுவதற்கு ஸ்பீக்கர் இருக்கிறது, சத்தம் கூட்ட இன்னொரு பெட்டி இருக்கிறது, அப்படியானால் இது என்ன செய்யும் என்று மனைவி கேட்டார்.

"இது பாட்டையெல்லாம் பத்திரமா வச்சிருந்து, வேணுங்கறப்ப எடுத்துக் குடுக்கும்."

"எடுத்துக் குடுக்கத்தான் இந்த வீட்ல நான் இருக்கேனே."

அவர் தளரவில்லை. தெரிந்த ஆடியோ கடைக்காரர் ஒருவர் இரண்டு சர்வர்களைக் கொடுத்து, சனிக்கிழமை வரை போட்டுக் கேளுங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள் என்றார். ஒன்று கறுப்பு; தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மற்றது வெள்ளி நிறம். டிபன் டப்பா அளவு.

சோதனைக்கு அவர் வைத்திருந்தது ஒரே ஒரு பாட்டு. அதிலும் பாட்டு அல்ல, பாடகி முதல் அடியைத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சு மட்டும். மூச்சு தனியாக நிற்கிறதா, பின்னால் ஒலிக்கும் வயலினோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பார். மூச்சு முடிந்ததும் நிறுத்துவார். கறுப்புக்கு மாற்றி மறுபடி மூச்சு. வெள்ளிக்கு மாற்றி மறுபடி மூச்சு. மூன்றாம் நாள் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தம்மாவப் பாடவே விடமாட்டீங்களாப்பா? மூச்சு வாங்கியே போய்ச் சேந்துருவாங்க போல."

அப்போதுதான் சத்தத்தில் ஒரு மூட்டம் தெரிந்தது. வலது பக்கம் பளிச்சென்று இருக்க, இடது பக்கம் மட்டும் கம்பளி போர்த்தின மாதிரி மந்தமாக வந்தது. கறுப்புப் பெட்டிதான் காரணம் என்று வெள்ளிக்கு மாற்றினார். அதிலும் மூட்டம். வயர்களை மாற்றினார். சோபாவைத் தள்ளினார். இடது சுவரை ஒட்டியிருந்த பீரோ படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தது. பிரிட்ஜின் முனகல்தான் என்று அதை அணைத்தார். பால் திரிந்தது, மூட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றிப் பார்த்தும் மூட்டம் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைக்காரரை அழைத்து, எங்கள் வீட்டுக் கரண்டிலேயே இடது பக்கம் சரியில்லை போலிருக்கிறது என்றார். கடைக்காரர், இதைவிட விலை கூடிய மூன்றாவது பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

பேசி முடித்து ஃபோனை வைத்தவரின் இடது பக்கம் நின்று மனைவி எதையோ சொன்னார். அவர் அசையவில்லை. மனைவி சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

"பெட்டியில ஒண்ணுமில்லங்க. உங்க இடது காதுதான்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மனைவி வழக்கமான அதே குரலில் சொன்னார்: "எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். காரியம் ஆகணும்னா வலது பக்கம் நின்னு சொல்லுவேன். திட்டணும்னா இடது பக்கம் போயிருவேன். எனக்கும் மனசுல தங்காது, உங்களுக்கும் நோகாது. உங்களுக்கு அதுல ஒரு வசதி இருந்துச்சு, அதான் சொல்லல."

அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் யாருக்கும் கேட்காதது தனக்குக் கேட்கும் என்பது ஒன்றுதான் அவருடைய பெருமை. அந்தக் காதே போகிறதென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? மறுநாள் கடையில் அவர் யாரையும் தெளிவா என்று கேட்கவில்லை. ஒருவருக்கு வேறொருவரின் கண்ணாடியைக் கொடுத்தனுப்ப, அவர் படியில் இடறித் திரும்பி வந்தார்.

சாயங்காலம் மனைவி அவரைக் காரில் ஏற்றிக் காது டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, வெந்நீரைப் பீய்ச்சி, இடுக்கியால் இழுத்துத் தட்டில் போட்டது பட்டாணி அளவுக்கு ஒரு குறும்பி. எவ்வளவு காலமாகச் சேர்த்தது என்று மரியாதையோடு விசாரித்தார். பிறகு, இப்போது கேட்கிறதா என்றார்.

"டாக்டர், உங்க ஏசியில ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு."

வெளியே வந்தால் தெருவே கத்தியது. தன் செருப்பு இவ்வளவு பேசும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு பெட்டிகளையும் போட்டுக் கேட்டார். மூட்டம் போய்விட்டது. கூடவே வித்தியாசமும் போய்விட்டது. கறுப்பும் வெள்ளியும் ஒரே மாதிரி பாடின.

நம்ப முடியாமல் கண்ணை மூடி உட்கார்ந்து, சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடும்படி மனைவியைக் கேட்டுக்கொண்டார். மனைவி போட்டார். "இப்ப தெளிவா, இல்ல இப்ப தெளிவா?" அவருக்கு வேர்த்தது. தன் கடை நாற்காலியில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் விழித்துவிட்டு 'ரெண்டாவதுங்க' என்று சொல்வது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது.

"ரெண்டாவது" என்றார்.

இரண்டாவது, வெள்ளி. சனிக்கிழமை கறுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெள்ளியில் உச்ச ஸ்வரங்கள் பட்டு மாதிரி இருக்கின்றன என்று கடைக்காரரிடம் விளக்கினார். கடைக்காரரும் அதைத்தான் தானும் நினைத்ததாகச் சொன்னார். கறுப்பின் பச்சை விளக்கு கண்ணை உறுத்தியது என்பதை மகளிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டை முதல் தடவையாக முழுதும் ஓடவிட்டார். மனைவி அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடியிலேயே கூடச் சேர்ந்து பாடத் தொடங்கினார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். இத்தனை வருடமும் இப்படித்தான் பாடியிருப்பார் போலும், பாடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. அவர் கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் திரும்பினார். மகள் புத்தகத்தைத் தாழ்த்தி, அம்மா இப்போது வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று காத்திருந்தாள்.

அவர் ரிமோட்டை எடுத்து, ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் குறைத்தார்.