கருவாலி மரத்தைச் சுற்றிப்போன சுவர்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவர் ஓரிடத்தில் தொந்தி விழுந்தவன்போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். வெளியூர்க் கொத்தர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். கட்டியவன் நான்தான். கட்டச் சொன்னவர் தெல்லோ.

தெல்லோ என்றால் லெயோன் நாடு முழுக்கத் தெரியும். குதிரைமேல் ஈட்டியோடு மோதும் போட்டியில் அவர் எதிரே வந்தவர்களில் பாதிப்பேர் மண்ணைக் கவ்வினார்கள். மீதிப்பேர் காய்ச்சல் என்று சொல்லி வராமலே இருந்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் பொய் வராது என்றும் அவரைப் பற்றிப் பாடுவார்கள். ருயியைப் பற்றி மட்டும் யாரும் பாடுவதில்லை.

ருயி அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், கூட்டாளி. இருபத்து நான்கு வயதில், யாகப்பர் திருநாளன்று, ஆற்றுப்பாலத்தருகே இருவரும் மோதினார்கள். தெல்லோவின் ஈட்டி முறிந்தது. சிலாம்பு ஒன்று ருயியின் முகக்கவசத்துக் கண்துளைக்குள் போய்விட்டது. குதிரையிலிருந்து இறக்குவதற்குள் உயிர் போயிற்று.

போட்டியில் செத்தவனுக்குக் கல்லறைச் சுவருக்குள்ளே, ஆயர் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. திருச்சபைச் சட்டம் அப்படி. கொலைகாரன்கூட மனம் வருந்திச் செத்தால் சுவருக்குள்ளே போகலாம். ருயியை வெளியே, கருவாலி மரத்தடியில் புதைத்தோம். இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை. அவர் மனைவி மென்சியா அன்றோடு தெல்லோவிடம் பேச்சை நிறுத்தினாள். ருயியை உள்ளே சேர்க்கச் சொல்லித் தெல்லோ வருடம் தவறாமல் ஆயரிடம் போய் மன்றாடினார். வருடம் தவறாமல் முடியாது என்ற பதிலோடு திரும்பினார். முப்பத்தோரு வருடம் இப்படியே ஓடியது.

அந்தக் குளிர்காலத்தில் மென்சியாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. தன்னையும் மரத்தடியிலேயே, புருஷன் பக்கத்தில் போட்டுவிடும்படி பங்குச்சாமியிடம் கேட்டாள். நல்ல கிறிஸ்தவப் பெண்ணை வெளியே புதைக்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். செய்தி தெல்லோ காதுக்குப் போனது. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார்.

"தொமே, கல்லறையை ஒட்டின என் பார்லி வயலைக் கோயிலுக்கு எழுதிக் குடுத்துட்டேன். கல்லறைக்கு இடம் பத்தலையாம். சுவரைத் தள்ளிக் கட்டு."

"எதுவரைக்கும் ஐயா?"

"கருவாலிக்கு அந்தப் பக்கம்."

"நேரா இழுத்தா மரத்துக்கு இந்தப் பக்கமால்ல போகுது. சுவரு கோணிக்குமே."

"கோணட்டும்."

கட்டினேன். மிஞ்சிய கல்லையெல்லாம் ருயியின் குழிமேடு தெரியாதபடி குவித்தேன். பங்குச்சாமி தினமும் வந்தார். அந்த மூலையை மட்டும் பார்க்காமலே போனார்.

தவக்காலத்துக்கு முன் புது இடத்தை மந்திரிக்க வந்த ஆயர் பதவிக்குப் புதியவர், பழைய கதை அறியாதவர். சுவரோரமாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் கற்குவியலருகே நின்றார். கீழே என்ன என்று கேட்டார். ஊரே வாயை மூடிக்கொண்டது. இங்கே ஏற்கெனவே யாராவது புதைந்திருந்தால் தோண்டி அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்றார். பிறகு தெல்லோவைப் பார்த்தார்.

"உம்ம வாக்கு போதும். நீர் சொல்லும்."

தெல்லோ கடிவாளத்தைப் பிடிப்பதுபோல விரல்களை இறுக்கிக்கொண்டார்.

"மிச்சக் கல்லு, ஆயர் ஆண்டவரே. வேற ஒண்ணும் இல்ல."

தீர்த்தம் கல்மேல் விழுந்தது.

ஆயரின் கோவேறு கழுதை பாலத்தைத் தாண்டியதும் கற்களை அப்புறப்படுத்தினேன். மென்சியா கோலூன்றி வந்து குழிமேட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். வலதுபக்கம் தனக்கு வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். பின்னால் நின்ற தெல்லோ பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இடதுபக்கம் சும்மாதான கெடக்கு."

ஈஸ்டருக்கு முன் அவள் போய்விட்டாள். தெல்லோ இன்னும் ஆறு வருடம் இருந்தார். கோயிலுக்குள் அவருக்கென்று அவர் குடும்பத்தார் செதுக்கி வைத்த கற்சிலை படுத்திருக்கிறது, நெஞ்சில் வாள், காலடியில் நாய். நல்ல வேலைப்பாடு. அதன் அடியில் யாரும் இல்லை. இடதுபக்கத்துக் குழியை நான்தான் வெட்டினேன்.