நாலாவது பாரத்தை வைத்திருந்தவர்

1. மதியின் போன்

நூலகக் கதவைத் திறந்து அன்றைய பத்திரிகைகளை மேசையில் விரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அன்புவழிபுரத்திலிருந்து மதி, எங்கள் வாசகர் நேசனின் மனைவி.

"அக்கா, இவரைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. ஹாபர் வாசல்ல ஓட்டோவைச் செக் பண்ணினவங்களாம். சீட்டுக்குக் கீழ ஏதோ கடதாசி கிடந்ததாம். இயக்க நோட்டீஸ் எண்டு சொல்லுறாங்களாம்."

"என்ன கடதாசி?"

"எனக்கென்ன தெரியும் அக்கா. பதினாறு பக்கமாம். உங்கட லைபிரரியில எடுத்தது எண்டு இவர் சொல்லியிருக்கிறார்."

பதினாறு பக்கம் என்றதும் கையிலிருந்த பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். அதை அந்தக் கோலத்தில் ஊருக்குள் உலவவிட்டவளே நான்தான்.

நேசனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கைத்துறைப் பக்கத்து ஆள். துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் முச்சக்கரவண்டிகளில் மூன்றாவது அவருடையது. சண்டை முடிந்த காலத்தில், மீசை அரும்பாத வயதில் பிடிபட்டு, சில வருடங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். இப்போதும் இடைக்கிடை புலனாய்வுக்காரர் யாராவது வீட்டுக்கு வந்து "சும்மா பார்த்திட்டுப் போக வந்தனாங்கள்" என்பார்கள். மற்றவர்களுக்கு விசாரணை என்றால் ஒரு பின்னேரம் வீணாகும், அவ்வளவுதான். நேசன் மறுபடி உள்ளே போனால் எப்போது வருவார் என்று எந்தச் சாத்திரியாலும் சொல்ல முடியாது.

2. புத்தகத்தைப் பிரித்த கதை

எங்களுடையது சின்னக் கிளை நூலகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடும். பிளேன்ரீ, மாரி பிஸ்கட், ஒரு புத்தகம். தொடங்கும்போது என்னோடு சேர்த்து ஒன்பது பேர். ஒருநாள் சாதாரண உடுப்பில் ஒருவர் வந்து, பத்திரிகை பார்ப்பதுபோல இருந்துவிட்டு, "கூட்டத்துக்கு ஆர் ஆர் வாறது மிஸ்?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அடுத்த மாதம் ஐந்து கதிரைகள் காலி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் சம்பளம் இல்லாவிட்டால் நானும் போயிருக்க மாட்டேன்.

மிஞ்சியது நாங்கள் நாலு பேர். நான், நேசன், ஓய்வுபெற்ற தபாலதிபர் தருமலிங்கம் ஐயா, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வரும் நஸ்லியா டீச்சர்.

அந்த முறை எடுத்தது ஒரு போர்க்கால நாவல். மெல்லிய பழைய புத்தகம். எழுதியவர் பெயரை இங்கே சொல்லவில்லை. எங்களால் அவருக்குக் கரைச்சல் வேண்டாம். பூரணி என்ற ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணால் சொல்லப்படும் கதை. ஊரில் சுற்றிவளைப்பு நடக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒளிந்துகொள்கிறான். பிள்ளை அதை ஒளித்துப்பிடித்து விளையாட்டு என்று நினைக்கிறது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதுவும் முதுகுத் தையல் அறுந்து, கட்டுவதற்கு ஒதுக்கி வைத்தது. பதினாறு பக்கமாக மடித்த ஒரு தாள்கட்டுக்குப் பாரம் என்று பெயர். இந்தப் புத்தகத்தில் ஆறு பாரம். ஒவ்வொருவரும் முழுப் புத்தகத்தையும் வாசித்துத் திருப்பித் தரும்வரை காத்திருந்தால் வருடம் முடிந்துவிடும். அதனால் கட்டாமல் அப்படியே பிரித்து, ஒன்று ஒன்றாக ஓடவிட்டேன். முதலில் தபாலதிபர். அவர் முடித்த பாரம் நேசனுக்கு, நேசனிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து நஸ்லியா டீச்சருக்கு. அப்போது எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

தபாலதிபர் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் ஓடுபவர். ஓடினால் பரவாயில்லை, திரும்பிப் பார்த்துக் கதையையும் உடைத்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை பிளேன்ரீ ஆறும் முன்பே தொடங்கிவிட்டார்.

"இந்தப் பிள்ளை அவன் ஒளிச்சிருக்கிற இடத்தைக் காட்டிக் குடுக்கப் போகுது. ஆமிக்காரன் ஒரு ரொபி இனிப்பைக் குடுக்கிறான், உடனே கையை நீட்டுது. அப்பாவி எண்டு எழுதினால் சரியா? தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? மடியில கனம் இல்லாட்டி வழியில என்னத்துக்குப் பயம்?"

நஸ்லியா டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, நான் இன்னும் முதல் பாரத்தில நிக்கிறன். அந்தப் பிள்ள இப்பதான் தும்பி பிடிச்சுக்கொண்டு திரியுது. நீங்க அதுக்குத் தீர்ப்புச் சொல்லி முடிச்சிட்டீங்க."

எல்லோரும் சிரித்தோம். நேசன் சிரிக்கவில்லை. அவர் கூட்டத்தில் அதிகம் கதைப்பவர் அல்ல. அன்று மெதுவாகச் சொன்னார்:

"நான் அந்த இடத்தை இன்னும் வாசிக்கேல்லை ஐயா. நான் வாசிக்கும்வரைக்கும் அவ காட்டேல்லை."

தபாலதிபர் "விசர்க் கதை" என்று கையை வீசினார். நானும் பெரிதாக எடுக்கவில்லை. அதன் பிறகு நேசனிடமிருந்து நாலாவது பாரம் வரவேயில்லை. கேட்டால் "இன்னும் முடியேல்லை மிஸ்" என்பார். பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு நாளா? "என்ன நேசன், அடை வச்சிருக்கிறீரா? குஞ்சு பொரிச்சதும் சொல்லும்" என்று பகிடி பண்ணினேன். அவர் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

3. எரித்தவரும் தெரியாதவரும்

மதி போனை வைத்ததும் நான் கணக்குப் பார்த்தேன். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், அச்சகம் எல்லாம் இருப்பது முதல் பாரத்தில். அது டீச்சரிடம். இரண்டும் மூன்றும், டீச்சர் அடுத்த கூட்டத்துக்கு வரும்வரை, என் அலுமாரியில். நாலாவது பொலிஸில். ஐந்தும் ஆறும் தபாலதிபரிடம். எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் இது புத்தகம்தான் என்று குருடனுக்கும் விளங்கும்.

டீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், மதி எனக்கும் சொன்னா. நான் அதை அடுப்பில போட்டுட்டன்."

"என்னது?"

"பொலிஸ் எண்டு கேட்டதுதான் தெரியும். குசினிக்குள்ள போய் நிண்டுட்டன். முந்தி ரவுண்டப் எண்டால் வாப்பா இப்படித்தான் கடதாசியெல்லாம் அள்ளிப் போடுவார். கை தன்ர பாட்டில போட்டுட்டுது மிஸ். இப்ப சாம்பலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

ஏச வாயெடுத்தேன், ஏச முடியவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பாரம் என் கையில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பயம் வந்தால் முதலில் கடதாசிதான் எரியும். பிறகுதான் மூளை வேலை செய்யும்.

தபாலதிபருக்கு எடுத்தேன். "எந்தப் புத்தகம்? எனக்கு ஒண்டும் தெரியாது, ரோங் நம்பர்" என்று வைத்துவிட்டார். பத்து வருடமாக என் குரலைக் கேட்கிற மனிதர்.

என்னிடம் இருந்த இரண்டு பாரங்களையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு நடந்தேன். வழியில் பஸ் நிலையப் பக்கம், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. அவற்றைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. பயத்தில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும்.

4. கையை நீட்டி

நேசன் சுவரோரத்து மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். அடித்ததுபோல் தெரியவில்லை. ஆனால் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நிலத்தைப் பார்த்தபடி இருந்த விதம், அவருக்கு அந்த இருப்புப் பழக்கமானது என்று சொல்லியது.

இன்ஸ்பெக்டர் சிங்களவர். கந்தோர் வேலையில் பழகிய சிங்களத்தில் புத்தகத்தைப் பிரித்த கதையைச் சொன்னேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் பக்கத்தில் நின்று தாளைப் புரட்டினார். என் இரண்டாவது பாரத்தில் நூலக முத்திரை இருந்தது. நூலகங்கள் எல்லாப் புத்தகத்திலும் உள்ளே ஒரு குறித்த பக்கத்தில் இரகசியமாக முத்திரை குத்தும். எங்கள் பக்கம் இரண்டாவது பாரத்தில் வரும். அதைக் காட்டினேன்.

"இதில சீல் இருக்கு. அதில இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொடர்ந்த பக்கம் சேர். இலக்கத்தைப் பாருங்கோ."

"இலக்கம் ஆரும் அடிக்கலாம்."

மூன்றாவது பாரம் ஓர் அத்தியாயத்தோடு முடிகிறது. நாலாவது புதிதாகத் தொடங்குகிறது. ஒட்டிக் காட்ட ஒரு சொல்கூட இல்லை. ஒவ்வொரு பாரத்துக்கும் நாங்கள் போட்ட கடதாசி உறையில் கையால் எழுதிய இலக்கம் மட்டும். போனில் தேடிப் பார்த்தார்கள். பழைய புத்தகம், அகப்படவில்லை. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல், சுற்றிவளைப்பையும் ஒளிந்திருப்பவனையும் பற்றி எழுதிய பதினாறு பக்கம். அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

"கடைசி வசனத்தை வாசி" என்றார் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம். கான்ஸ்டபிள் வாசித்தார்: "பூரணி கையை நீட்டி". பாரம் அதோடு முடிந்தது.

"நீட்டி? பிறகு?"

"தெரியாது சேர். இன்னும் வாசிக்கேல்லை" என்றார் நேசன்.

"மிஸ்ஸுக்கு?"

"எனக்கும் தெரியாது சேர். இவர் தந்தால்தான் நான் வாசிக்கலாம்."

தபாலதிபர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஆமிக்காரன், ரொபி, காட்டிக்கொடுத்தல் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிச்சத்தை ஒளிச்சிருக்கிறீங்க. பின்னேரத்துக்குள்ள கொண்டு வாங்க. இல்லாட்டி இந்த ஆளை நான் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும்."

நேசன் அப்போதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. மடியில் கனம்

தபாலதிபரின் வாசல் கேற் உள்ளால் பூட்டியிருந்தது. மத்தியான வெயிலில் நின்று தட்டினேன். கடைசியில் கேற்றுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"பிள்ளை, போங்கோ. நான் கேற் திறக்கமாட்டன்."

"ஐயா, உங்கட கையில இருக்கிற பாரம் வந்தால் நேசன் வீட்ட போவார். வராட்டி எங்க போவார் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"என்ர பெயர் அங்க போகக்கூடாது. நான் பென்சன்காரன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏழு வயசுப் பிள்ளைக்கு வாய் கிழியத் தீர்ப்புச் சொன்னீங்களே ஐயா. மடியில கனம் எண்டீங்களே."

செருப்புச் சத்தம் கேற்றுக்கு இன்னும் கிட்ட வந்தது. பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குப் பயம் எண்டால் என்னெண்டு தெரியாது. எனக்குத் தெரியும்."

அதற்குமேல் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி நடந்தேன்.

பொலிஸ் வாசலில் நஸ்லியா டீச்சர் நின்றார். வெறுங்கை. "எரிச்சதைச் சொல்லத்தான் வந்தனான் மிஸ். நானும் வாசிச்சனான் எண்டு சொல்லுறன். நம்புறதும் நம்பாததும் அவங்கட பாடு." உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னார். எரித்தேன் என்றதும் இன்ஸ்பெக்டரின் முகம் இன்னும் கறுத்தது. உதவிக்கு வந்த கதை வினையாகிவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ செருமினார்கள்.

தபாலதிபர். வேட்டி, முழுக்கைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. சேட்டைத் தூக்கி, வேட்டி மடியை அவிழ்த்து, சொப்பிங் பையில் சுற்றிய ஐந்தாவது, ஆறாவது பாரங்களை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் காலத்துச் சோதனைச்சாவடிகளில் நாங்கள் அப்படித்தான் கொண்டு திரிந்தோம். ஒரு கதைப்புத்தகத்தைப் பொலிஸுக்குக் கொடுப்பதற்கே மடியில் ஒளித்துக்கொண்டு வந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"நானும் வாசிச்சனான்" என்றார்.

கான்ஸ்டபிள் நாலாவது பாரத்தின் கடைசிப் பக்கத்தையும் ஐந்தாவதின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே எழுத்து, ஒரே பழுப்பு. உரத்து வாசித்தார்.

"பூரணி கையை நீட்டி, நெல் கொட்டிவைக்கும் கொம்பறையைக் காட்டினாள். அண்ணை அங்கதான் ஒளிச்சிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள்."

வாங்கில் இருந்த நேசன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மேலும் சில பக்கம் புரட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு கதிரையில் சாய்ந்தார். "சின்னப்பிள்ளைக் கதை. இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?"

தபாலதிபர் வேட்டி மடியைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

6. பிறகு

வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி, பொழுதுபடும் நேரத்தில் விட்டார்கள். வெளியே மதி நின்றாள். நேசன் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குறை நினைக்காதேங்கோ மிஸ். அடுத்த பாரத்தை வாங்கினால் வாசிக்கவேண்டி வரும் எண்டுதான் வச்சிருந்தனான். என்னைக் காட்டினதும் ஒரு சின்னப்பிள்ளைதான். எங்கட அயல்வீட்டுப் பெட்டை. சிரிச்சுக்கொண்டுதான் காட்டினவ. எனக்கு அவவில கோபமே இல்லை." பிறகு சொன்னார்: "இந்தப் பூரணி காட்டாமல் இருப்பா எண்டு ஒரு ஆசை. இப்ப இவவும் காட்டிட்டா."

தபாலதிபர் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் கதையை முந்திச் சொன்னதில்லை.

அந்தப் புத்தகத்தை முதல் பாரம் இல்லாமலே தைத்து வைத்தேன். நான் ஓய்வுபெற்று வந்துவிட்டேன். இப்போது நூலக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஒன்று, எங்கள் ஊரில் புத்தகத்தைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். அட்டை இல்லாத தாளை எப்படி வேண்டுமானாலும் வாசிப்பார்கள். மற்றது, ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் என்னைப்போல் பகிடி பண்ணாதீர்கள், மறதி என்றும் நினைக்காதீர்கள். அடுத்த பக்கத்துக்குப் பயந்தும் ஒருவர் வைத்திருப்பார்.