இரண்டடி மண்

மலைச் சாலை ஓரத்தில் வண்டி உருண்டுவிடாமல் இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்களே, அதைச் செய்கிற கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் இருந்தார். வல்லம் வடகாலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவார். யார்டில் வேலை. தடுப்புகளை ஏற்ற வரும் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும்போது, டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து, "வரலாம்... வரலாம்..." என்று குரல் கொடுப்பார். ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஊர் நிலம் அப்படி, தட்டு மாதிரி சமம். வீட்டில் கட்டிலை நகர்த்தினால்கூட அதே நடை, அதே குரல். "இன்னா, நான் டிரெய்லர் ஓட்டுறனா?" என்று கிண்டல் செய்வேன்.

ஆயுத பூஜை முடிந்ததும் அவருடைய ஷிப்டுக்காரர்கள் வேன் பிடித்து டூர் போவார்கள். அந்த வருஷம் குடும்பத்தோடு போகலாம் என்றார்கள். நானும் என் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த மலை என்று எழுதக் கை வரவில்லை. ஏறும்போது வளைவுக்கு வளைவு தடுப்பு இருந்தது. "எல்லாம் நம்ம சரக்குதான், பாத்துக்கோ" என்று ஜன்னலுக்கு வெளியே காட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு ஒரே பெருமை.

காலைப் பனி விலகாத ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. எங்கள் வேன்தான் பின்னால் போய் வழிவிட வேண்டியிருந்தது. யாரும் கேட்காமலே அவர் இறங்கிப் பின்பக்கம் போனார். "வரலாம்... வரலாம்..." லீவிலும் யார்டு வேலையா என்று வேனுக்குள் எல்லோரும் சிரித்தோம். பிறகு குரல் வரவில்லை. டிரைவர் பிரேக்கில் காலை வைத்தபடி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

அந்த இடத்தில் தடுப்பு இல்லை. சுண்ணாம்பு அடித்த இரண்டு கற்களை இடைவெளி விட்டு நட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விதி என்றார்கள், அந்த வளைவு காவு கேட்கும் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற வளைவுகளில் எல்லாம் இருக்கிறதே, இங்கே போட வேண்டியதை மட்டும் எவனோ தின்றுவிட்டான் என்று நம்பினேன். அவன் யாரென்று தெரிந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவேன். அந்த ஒன்றை நினைத்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன், சாப்பிட்டேன்.

அந்த மலையில் தடுப்பு பொருத்தப் போனவர்களில் அவருடைய கம்பெனி ஃபிட்டர் ஒருவரும் இருந்தார். துக்கம் கேட்க வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லா வளைவுலயும் போட்டீங்க, அங்க மட்டும் இன்னாத்துக்கு வுட்டீங்க?"

"போடத்தான் போனோம் அண்ணி. தடுப்பத் தாங்கற போஸ்ட்ட அடிச்சா நிக்கணும்ல? வண்டி வந்து இடிச்சா தாங்கறதுக்கு போஸ்ட்டுக்குப் பின்னாடி மண்ணு வேணும். அங்க தார் முடியற எடத்துலயே பள்ளம். அடிச்சா மண்ணோட சரிஞ்சி கீழ பூடும். பேருக்கு நட்டு வச்சா, கீதேன்னு நம்பி எவனாவது வந்து சாய்வான். கீழேர்ந்து சொவுரு எழுப்பிக்கினு வந்தாத்தான் முடியும். அதுவரைக்கும் கல்லுதான்."

எந்த மலையிலும் இதுதான் கதை என்றார். தடுப்பு இல்லாத இடம் பெரும்பாலும் தடுப்பு நிற்க முடியாத இடம். யாரும் தின்னவில்லை. திட்டுவதற்கு எனக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது.

"எவ்ளோ மண்ணு வேணும்?" என்று கேட்டேன்.

இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார். "ரெண்டடி போதும் அண்ணி."

அந்த இரண்டடி இருந்திருந்தால் அங்கே தடுப்பு நின்றிருக்கும். அந்த இரண்டடி இருந்திருந்தால் அவருக்குத் தடுப்பே வேண்டியிருக்காது, அவரே நின்றிருப்பார். அதை ஃபிட்டரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். அவரை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.