எனக்கு சாட்சி ஒண்ணும் இல்லீங்க

போன மாதம் உத்திரமேரூர் பக்கத்தில் என் மச்சான் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறு காலை அவரோடு ஆராதனைக்கும் போனேன். சிமென்ட் ஷீட் போட்ட சின்னச் சபை.

சாட்சி நேரம் வந்தது. கடவுள் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள் இல்லையா? ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்தது என்றார். இன்னொருவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கைதட்டினோம்.

அடுத்து எஸ்தர் என்கிறவர் எழுந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். கணவர் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் மூன்று மாதமாகப் படுக்கையில்.

"எனக்கு சாட்சி ஒண்ணும் இல்லீங்க... அவர தனியா பொரட்டிப் பொரட்டி என் இடுப்பே பூடுச்சு. அவருக்கு முதுவுல புண்ணு வந்துகீது. ஜெபம் பண்ணக்கூட வாய் வரல. இன்னா பண்றதுன்னே தெரியல. யாராவது வாங்களேன்!"

ஓவென்று அழுதார்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பினார். "விசுவாசமா பேசும்மா. சபையில இப்படி அயக்கூடாது, உக்காரு."

நானும் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

எஸ்தர் உட்காரவில்லை. "வூட்டுல அயுதா அவரு காதுல வியும். இங்கயும் அயக்கூடாதுன்னா நான் எங்கங்க போறது?"

பாஸ்டர் இறங்கி வந்தார். "அழட்டும் விடுங்க, ஐயா. பைபிள்ல தாவீது ராஜா கதறாத கதறலா? ஆண்டவர் அவரை 'உக்காரு'ன்னா சொன்னாரு?"

பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் — "நாளைக்குக் காலைல நான் வர்றேன்க்கா." இன்னொருத்தி, "சாயங்காலம் நானு." கடைசியில் அந்தப் பெரியவரே தொண்டையைச் செருமினார். "புண்ணுக்கு மருந்து கட்ற நர்சம்மா ஒருத்தர் எனக்குத் தெரியும். கூட்டிக்கினு வர்றேன்..."

நேற்று மச்சானுக்கு போன் செய்தேன். புண் ஆறி வருகிறதாம். கணவர் இன்னும் எழுந்து உட்காரவில்லை. எஸ்தர் மறுபடி நடவுக்குப் போகிறார்.

துன்பத்தை மூடி மறைப்பதுதான் விசுவாசம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். எவ்வளவு தப்பு! கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று முழுசாக நம்புகிறவரால்தான் அப்படிக் கதற முடியும். எஸ்தருக்கு அந்த தைரியம் இருந்தது.

நானெல்லாம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற ஆள்!